வன்னிப் புழுதியும் கூட்டுற மெசினும்

வன்னியில வீடு வைச்சிருக்கிற ஆக்களுக்கு புழுதியப் பற்றி நான் சொல்லித் தெரியத் தேவையில்ல, வெளியில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காகத்தான் முதல்ல கொஞ்சம் சொல்லுறன். வைகாசியில சோளகம் அடிக்கத் தொடங்கினா எங்கட பக்கம் காத்து ஓயாது, ஆவணி புரட்டாசி மட்டும் பகல் முழுக்க ஊதிக்கொண்டே இருக்கும், அந்தக் காத்தோட அறுத்த வயல் மண், குளக்கட்டு மண், கிரவல் ஒழுங்கையில டிப்பர் கிளப்பிவிட்ட செம்புழுதி எல்லாம் சேந்து யன்னலுக்குள்ளால வந்து வீட்டுக்குள்ள குந்தும். பரந்தன் முல்லைத்தீவு வீதி காப்பெட் போட்டாச்சுதான், ஆனா அதில இருந்து உள்ளுக்குப் போற ஒழுங்கையள் இன்னும் மண்தான். பேந்து மாசியில பெரும்போக வெட்டு. மெசினால வெட்டி வீட்டு முத்தத்தில நெல்லு காயப்போட்டா அந்தச் சுணை இருக்கே, அது கண்ணுக்குத் தெரியாது, கால்ல மிதிபட்டாத்தான் தெரியும். மாரி வந்தா புழுதி இல்ல, அதுக்குப் பதிலா சேறு. ஆக, வருசத்தில கூட்டாமல் இருக்கக்கூடிய ஒரு நாள் எங்கட வீடுகளுக்கு இல்ல.

விடிய எழும்பினா முத்தம் கூட்டி வீடு கூட்டவேணும். மத்தியானம் சமைச்சு முடிய குசினி. பின்னேரம் செக்கலுக்கு முதல், விளக்கு வைக்க முதல், திரும்பவும் வீடு. இது மூண்டும் ஆர் செய்யிறது? பொம்பிளையள்தான். கூட்டாமல் கிடக்கிற முத்தத்தப் பாத்து றோட்டால போற சனம் அந்த வீட்டு ஆம்பிளைய ஒண்டும் சொல்லாது, அந்த வீட்டுப் பொம்பிளைய, இல்லாட்டி அந்த வீட்டுக் குமரைத்தான் சொல்லும். இதை ஏன் சொல்லுறன் எண்டா, எங்கட வீட்டில இப்ப தானாக் கூட்டுற ரோபோ மெசின் ஒண்டு இருக்கு எண்டு சொன்னவுடன கன பேர் சொன்ன முதல் வார்த்தை "சோம்பேறியளின்ர சாமான்" எண்டதுதான். எனக்கு அதில சரியான கோவம். அந்த மெசின் ஏன் வந்தது, அது எங்கட மாதிரி வீட்டுக்குச் சரிவருமா, எங்க சரிவராது எண்டு எழுதினா ஆருக்காவது பயன்படும் எண்டுதான் இதை எழுதுறன்.

அம்மாக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல. 2009 பங்குனியில, கடைசிச் சண்டை நேரம், மாத்தளன் பக்கம் ஷெல்லில போனது. முகாமில இருந்து வந்தாப் பிறகு யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் கால் போட்டு, அதோட நடக்கப் பழகி, கிணத்தில தண்ணி அள்ளி, கோழி வளத்து எங்களப் படிப்பிச்சவ. அவவால ஏலாது எண்டு ஒரு வேலையும் அவ சொல்லி நான் கேட்டதில்ல. ஆனா கூட்டுறது வேற மாதிரி வேலை. செயற்கைக் காலோட குனிஞ்சு ஈக்கில் கட்டால கூட்டேக்க உடம்புப் பாரம் முழுக்க ஒரு பக்கம் சாயும், அந்தச் சாய்வில கால் முட்டி உறைக்குள்ள உரசும், எங்கட வெக்கைக்கு உள்ளுக்க வேர்த்து ஈரமா இருக்கும், அந்த ஈரத்தில உரசினா புண் வராமல் வேற என்ன வரும். புண் வந்தா காலைக் கழட்டி வைக்கவேணும். காலைக் கழட்டினா ஊன்றுகோல். ஊன்றுகோலோட ஒரு கையால தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுறதை நான் கண்ணால பாத்திருக்கிறன். "விடுங்கோ அம்மா, பள்ளிக்கூடத்தால வந்து நான் கூட்டுறன்" எண்டா, "நீ வரும்வரைக்கும் இந்தக் குப்பைக்குள்ள நான் எப்பிடிப் பிள்ளை இருக்கிறது" எண்டு கேப்பா. அவ கேக்கிறதும் நியாயம். வீட்டில பகல் முழுக்க இருக்கிறது அவதான், நான் விடிய ஏழு மணிக்குப் போனா ரெண்டரை மூண்டுக்குத்தான் வாறன்.

எங்கட வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில கிடைச்ச வீடு. தெரியாத ஆக்களுக்கு: 2010 இல இந்தியா 50,000 வீடு எண்டு அறிவிச்சது, அதில 46,000 வடக்கு கிழக்குக்கு, ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமா பாங்கில போட்டு, சொந்தக்காரரே நிண்டு கட்டவேணும். ஏறத்தாழ 550 சதுர அடி, ரெண்டு அறை, ஒரு ஹோல், குசினி. முன்னுக்கு விறாந்தை நாங்கள் பேந்து இறக்கினது. அந்தக் காசுக்குள்ள நிலத்துக்குச் சீமெந்துதான் பூசலாம், பிறகு கனடாவில இருக்கிற அண்ணா அனுப்பின காசில ஹோலுக்கும் அறையளுக்கும் ரைல்ஸ் போட்டம். இந்த ரைல்ஸ் விசயம் முக்கியம், பிறகு சொல்லுறன்.

அண்ணா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரேக்க அந்த மெசினைக் கொண்டு வந்தவர். அம்மா முதல் கேட்டது "உதுக்கு எவ்வளவு காசு தம்பி குடுத்தனீ" எண்டு. அவர் சொல்லேல்ல. அவர் சொன்னது, "அம்மா, உங்களுக்கு ஒரு தங்கச் சங்கிலி வாங்கித் தந்தா நீங்கள் பெட்டிக்குள்ள வைப்பீங்கள், இது காலுக்கு." அதுக்கு மேல அம்மா ஒண்டும் சொல்லேல்ல.

ஒரு வட்டத் தட்டு மாதிரி, ஒரு சாண் உயரம்கூட வராது, அதால கட்டிலுக்குக் கீழ அலுமாரிக்குக் கீழ எல்லாம் போகும். பக்கத்தில சின்னதா ஒரு தூரிகை சுத்தும், அது மூலையில கிடக்கிறதை உள்ளுக்குத் தள்ள, அடியில உருளுற பெரிய தூரிகை கிளப்ப, உள்ளுக்க இருக்கிற காத்தாடி இழுத்து ஒரு சின்னப் பெட்டிக்குள்ள போடும். முன்பக்கம் முட்டினா திரும்பும். தலையில சின்னக் குமிழ் மாதிரி ஒண்டு இருக்கு, அதுக்குள்ள லேசர் சுத்திக்கொண்டே இருந்து சுவர் எவ்வளவு தூரத்தில, கதிரைக் கால் எங்க எண்டு அளந்து வீட்டின்ர படத்தைத் தானே கீறிக்கொள்ளும். லைடார் எண்டு சொல்லுறது. அடியில இன்னொரு வகை சென்சர், நிலத்துக்குக் கதிர் அடிச்சு அது திரும்பி வருதோ எண்டு பாக்கும், வராட்டி பள்ளம் எண்டு நினைச்சுப் பின்னுக்கு வந்திடும். எங்கட விறாந்தைக்குப் படி இருக்கு, மூண்டு படி, ஒரு நாளும் விழேல்ல.

இப்ப சித்தியப் பற்றிச் சொல்லவேணும். அம்மாவின்ர கடைசித் தங்கச்சி. சித்தப்பா இல்ல, ரெண்டு பிள்ளையள், அந்த ரெண்டு பேரையும் வளக்க அவ பல வருசமா முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தவ. வன்னியில இது புதினமில்ல. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் எண்டு எந்த அமைப்பப் பாத்தாலும் அதில பெரிய பங்கு எங்கட பொம்பிளையள்தான், அதிலயும் குடும்பத்தைத் தனிய இழுக்கிற பொம்பிளையள். விடிய இருட்டோட வாகனம் வந்து ஏத்தும். பாரமான அங்கி, முகத்துக்குக் கண்ணாடி, அந்த வெயிலுக்குள்ள முழங்கால்ல இருந்து ஒரு மீற்றர் அகல ஒழுங்கையா ஒழுங்கையா முன்னுக்குப் போகவேணும். டிடெக்டர் சத்தம் போட்டா நிண்டு, பக்கவாட்டால மெல்ல மெல்ல மண்ணை எடுக்கவேணும். சில இடத்தில இரும்புத்துண்டு கூட எண்டதால டிடெக்டர் சரிவராது, அங்க றேக்கால நிலத்தையே விறாண்டி எடுப்பினம். எடுத்து முடிஞ்ச இடத்தை திரும்பவும் வேற ஆள் வந்து செக் பண்ணும். ஒரு சாண் நிலமும் விடுபடக்கூடாது, விடுபட்ட அந்தச் சாண்லதான் ஆற்றயோ பிள்ளை கால் வைக்கும்.

சித்தி வந்து மெசின் ஓடுறதைப் பாத்தா. கதிரையில இருந்து கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பேந்து அம்மாவைப் பாத்து, "அக்கா, இது எங்கள மாதிரியெல்லோ போகுது" எண்டா. உண்மைதான். முதல் அறையின்ர ஓரத்தைச் சுத்தி எல்லை பிடிக்கும், பேந்து இஞ்சால ஒரு கோடு, அங்கால ஒரு கோடு, கோட்டுக்குக் கோடு கொஞ்சம் மேல ஏறி, இடைவெளி விடாமல். கதிரைக் கால் வந்தா சுத்திப் போய்த் திரும்பவும் அந்த ஒழுங்கையப் பிடிக்கும். சித்தி சொன்னா, "நாங்களும் முதல் எல்லை பிடிச்சுத்தான் உள்ளுக்க இறங்குறனாங்கள்."

இதுக்குப் பிறகுதான் நான் இந்த மெசினின்ர கதையத் தேடி வாசிச்சன், வாசிக்க வாசிக்க எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. முதன்முதல் இப்பிடி ஒண்டைக் கடைக்குக் கொண்டு வந்தது சுவீடன்காரர், எலெக்ட்ரோலக்ஸ் கொம்பனி, 1996 இல பிபிசியில ஒரு மாதிரி மெசினைக் காட்டி, 2001 இல ட்ரைலோபைட் எண்ட பேர்ல விக்கத் தொடங்கினவை. சரியான விலை, கனபேர் வாங்கேல்ல. உலகம் முழுக்க இதைக் கொண்டு போனது அமெரிக்காவில ஐரோபோட் எண்ட கொம்பனி. 1990 இல எம்ஐடி பல்கலைக்கழகத்தில இருந்து வந்த மூண்டு பேர் தொடங்கினது, ரொட்னி புரூக்ஸ், கொலின் ஏங்கிள், ஹெலன் கிரெய்னர், மூண்டாவது ஆள் பொம்பிளை. அவையின்ர ரூம்பா 2002 புரட்டாசியில 199 டொலருக்கு வந்தது. ஆனா அதுக்கு முதல் அந்தக் கொம்பனி என்ன செய்தது எண்டு பாத்தா, இராணுவத்துக்கு ரோபோ. பாக்பொட் எண்டு ஒண்டு, அதே 2002 இல ஆப்கானிஸ்தான்ல குகைக்குள்ள அனுப்பினவை, பிறகு வெடிகுண்டு பாக்கிற வேலைக்குப் பெரிய அளவில பாவிச்சவை, 2011 இல யப்பான்ல புகுஷிமா அணு உலைக்குள்ள போனதும் அதுதான். 90களில கண்ணிவெடி தேடுறதுக்கும் வெடிக்காமக் கிடக்கிற சின்னக் குண்டுகளப் பொறுக்கிறதுக்கும் ரோபோ செய்து பாத்தவை. ஒரு நிலத்தில ஒரு இடமும் விடாமல் எப்பிடிப் போய் முடிக்கிறது எண்ட கணக்கை அந்த வேலையில படிச்சு, அதைத்தான் பிறகு வீட்டு நிலத்துக்கு இறக்கினவை.

2002 எண்டா எங்களுக்கு என்ன வருசம் எண்டு வன்னியில ஆரையும் கேளுங்கோ. சமாதானம் எண்டு சொல்லி, யாழ்ப்பாணம் போற ஏ9 பாதை திறந்த வருசம். ஹலோ ட்ரஸ்ட் இலங்கையில வேலை தொடங்கினதும் அந்த வருசம்தான். அங்க ஒரு நாட்டில கண்ணிவெடி தேடப் படிச்ச கணக்கு வீடு கூட்டுற சாமானா கடைக்கு வர, இஞ்ச எங்கட சனம் அதே வேலைக்கு முழங்கால்ல இறங்கினது. இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில சேந்தது 2017 மார்கழியில, முழுக்க எடுத்து முடிக்கத் தந்த தவணை 2028. அதுக்குள்ள சித்தி மாதிரி எத்தினை பேரின்ர முழங்கால் தேஞ்சிருக்கும். சித்திக்கு நான் இதை வாசிச்சுக் காட்ட, "மெசினுக்கு வீட்டில பிழை விட்டாப் பரவாயில்ல பிள்ளை, கொஞ்சக் குப்பை மிஞ்சும், எங்கட வேலையில அப்பிடி இல்லயே, அதுதான் மனுசர் வேணும்" எண்டு சொன்னா. அவவுக்கு அந்த வேலையில பெரிய மதிப்பு இருக்கு, இருக்கவும் வேணும்.

அந்த முதல் ரூம்பா இப்பிடிக் கோடு பிடிச்சுப் போகாது. சுருள் மாதிரிச் சுத்தும், சுவரோட கொஞ்சத் தூரம் போகும், முட்டினா ஏதோ ஒரு பக்கம் திரும்பிப் போகும், அப்பிடி ஓடி ஓடி கடைசியில எல்லா இடத்தையும் தொட்டிடும் எண்ட நம்பிக்கை. 2010 இல நியாட்டோ எண்ட கொம்பனி லேசர் வைச்சுப் படம் கீறுற மெசினை விட்டாப் பிறகுதான் ஒழுங்கையா ஒழுங்கையாப் போற முறை பரவினது. நீங்கள் வாங்கிறதெண்டா இதைப் பாத்து வாங்குங்கோ. லேசர் இல்லாத மலிவு மெசினும் கூட்டும், ஆனா நேரம் எடுக்கும், பற்றரி முடியும், சில மூலைய ரெண்டுதரம் கூட்டி சில மூலைய விட்டிடும்.

இனி எங்கட வீடுகளுக்கு இது சரிவருமா எண்ட கதை. இதைத்தான் கனபேர் கேக்கினம்.

நிலம் ரைல்ஸ் எண்டா நல்லம். அழுத்தமான சீமெந்தும் பரவாயில்ல, எங்கட குசினி சீமெந்துதான், அதில ஓடுது. வெடிச்ச சீமெந்து, பொரிஞ்சு மண் கிளம்பிற சீமெந்து எண்டா அது கூட்டக் கூட்ட நிலமே குப்பையா வரும், அதுக்கு இது தோதில்ல. மண் நிலம், சாணி மெழுகின நிலம் எண்டா நினைச்சும் பாக்கவேண்டாம். ஒரே கறுப்பு ரைல்ஸ் போட்ட வீட்டுக்காரர் கவனிக்கவேணும், அடியில இருக்கிற சென்சர் அடிக்கிற வெளிச்சத்தைக் கறுப்பு குடிச்சிடும், மெசின் அதைப் பள்ளம் எண்டு நினைச்சு அந்தப் பக்கம் போக மாட்டன் எண்டு நிக்கும். இப்ப சிலர் ஹோல் நடுவில கறுப்பு ரைல்ஸ்ல பூ வேலை போடுகினம், அதிலயும் இந்தப் பிரச்சினை வரலாம்.

பெரிய தடை நிலைப்படி. வெளிநாட்டு வீடுகள்ல அறைக்கு அறை நிலம் ஒரே மட்டம். எங்கட வீடுகள்ல பாம்பு பூச்சி வராமல், தண்ணி வராமல் எண்டு நிலைப்படி வைச்சுத்தான் கட்டுறது. இந்த மெசின் ஏறக்கூடியது ரெண்டு சென்ரிமீற்றர் அளவுதான், அதுக்கு மேல எண்டா முட்டிப்போட்டுத் திரும்பிடும். எங்கட ஹோலுக்கும் அறைக்கும் இடையில தட்டை, அதால பிரச்சினை இல்ல. குசினிக்கும் விறாந்தைக்கும் படி, அங்க தூக்கி வைக்கவேணும். மூண்டு நாலு கிலோதான், ஆனா அம்மா ஊன்றுகோலோட நிக்கிற நாளில அதுவும் கஷ்டம்.

கரண்டைப் பற்றி. பயப்பட ஒண்டுமில்ல. சாதாரண வக்கூம் கிளீனர் ஆயிரம் வாட்டுக்கு மேல இழுக்கும், இது ஓடேக்க ஐம்பது வாட் அளவுதான், ஒரு மணித்தியாலம் ஓடி முழு வீட்டையும் முடிச்சாலும் ஒரு யூனிட்டில சின்னப் பங்குதான் வரும். பில்லில எங்களுக்கு வித்தியாசம் தெரியேல்ல. கரண்ட் நிண்டாத்தான் ஒரு சிக்கல்: ஓடிக்கொண்டு இருக்கிறது பற்றரியில ஓடும், ஆனா வேலை முடிஞ்சு சார்ஜ் தட்டுக்குத் திரும்பேக்க அந்தத் தட்டு விடுற கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பிடிச்சுத்தான் வரும், கரண்ட் இல்லாட்டி தட்டில வெளிச்சம் இல்ல, அப்ப பக்கத்தில வந்து தேடித் தேடிப்போட்டு நிண்டிடும். 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அந்த மாதிரிக் காலம் திரும்ப வந்தா இதால பெரிய பயன் இருக்காது. இப்ப மழைக்காலத்தில மரம் விழுந்து நிக்கிறதுதான் கூட, அதைச் சமாளிக்கலாம். இடிமின்னல் நேரம் ரீவியக் கழட்டுற மாதிரி இதையும் பிளக்கால கழட்டி விடுங்கோ.

வைஃபை கட்டாயம் இல்ல. மேல பட்டன் இருக்கு, அம்மா அதைத்தான் அமத்துறா. படத்தில அறைக்குப் பேர் வைக்க, இந்த இடத்துக்குப் போகாத எண்டு கோடு போட மட்டும் போன் வேணும். கன மெசின்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில மட்டும்தான் சேரும், உங்கட றவுட்டரில அதைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் சாமித்தட்டுக்கு முன்னால ஒரு கோடு போட்டு வைச்சிருக்கிறன், குத்துவிளக்குக்குக் கிட்ட அது போகாது.

கமரா விசயம். அண்ணா வாங்க முதல் என்னட்ட கேட்டவர், கமரா வைச்சது இன்னும் கெட்டித்தனமாம், கீழ கிடக்கிற செருப்பு வயர் எல்லாம் கண்டு விலகுமாம் எண்டு. நான் வேண்டாம் எண்டன். 2022 இல எம்ஐடி டெக்னோலொஜி ரிவியூ எண்ட சஞ்சிகையில வந்த செய்தி ஒண்டு: ரூம்பா பரிசோதனை மெசின்கள் வீடுகளுக்குள்ள எடுத்த படங்கள், அதில ரொய்லெட்டில இருந்த பொம்பிளையின்ர படமும், கம்பியூட்டருக்குப் படம் பழக்கிற வேலை செய்தவையள்ட்டப் போய், அங்க இருந்து பேஸ்புக் குழுக்களுக்குப் போயிருக்கு. அது கடையில வித்த மெசின் இல்ல, சம்மதிச்ச ஆக்களின்ர வீட்டில ஓடின பரிசோதனை மெசின் எண்டு கொம்பனி சொன்னது. எதுவோ, வீட்டுக்குள்ள கமராவோட ஒண்டு உலாவுறதுக்கு வன்னிப் பொம்பிளையள் சம்மதிக்க ஏலாது எண்டுதான் நான் நினைக்கிறன். எங்கட வீட்டில ஆர் ஆர் இருக்கினம், எத்தினை பேர் எண்டு எத்தினை தரம் எழுதிக் குடுத்த சனம் நாங்கள். எங்கட வீட்டுக்குள்ள ஆர் பாக்கிறது எண்ட முடிவு எங்கட கையில இருக்கவேணும். லேசர் மெசின் சுவரின்ர தூரத்தை மட்டும்தான் அளக்கும், முகம் பாக்காது. அந்தப் படமும் கொம்பனியின்ர கம்பியூட்டருக்குப் போகலாம், எண்டாலும் ஒரு கோட்டுப் படத்துக்கும் போட்டோவுக்கும் வித்தியாசம் இருக்கு.

பராமரிப்பு எண்டா, இது வேலையக் குறைக்குது, இல்லாமல் ஆக்கேல்ல. ஓடவிட முதல் நிலத்தில கிடக்கிற போன் சார்ஜர் வயர், பாய் ஓரம், கட்டில்ல தொங்குற சீலைத் தொங்கல் எல்லாம் எடுக்கவேணும், இல்லாட்டி உருளுற தூரிகையில சுத்தும். தலைமயிர் பெரிய பிரச்சினை, நீட்டுத் தலைமயிர் உள்ள பொம்பிளையள் இருக்கிற வீட்டில கிழமைக்கு ஒருக்கா தூரிகையக் கழட்டி கத்தரிக்கோலால வெட்டி எடுக்கவேணும். கதவைச் சாத்திப்போட்டு ஓடவிடுங்கோ, கோழி உள்ளுக்க வந்து எச்சம் போட்டிருந்தா அதைக் காணாமல் மெசின் அதுக்கு மேலால போய் வீடு முழுக்க இழுத்துப்போடும், நாய் பூனை வளக்கிற வீட்டிலயும் இதே கதைதான். எங்கட பக்கத்துச் செம்புழுதி மா மாதிரி நைஸ், அது வடிகட்டியில ஒட்டி அடைக்கும், அடைச்சா இழுவை குறையும். சோளக காலத்தில நான் பெட்டிய ஒவ்வொரு நாளும் வெளியில கொண்டுபோய்க் கொட்டி, வடிகட்டியத் தட்டி, ஒரு பழைய பல்லுத்தீட்டுற பிரஷ்ஷால தேய்க்கிறன். கழுவலாம் எண்டு சொன்ன வடிகட்டியக் கழுவினா ஒரு முழு நாள் காயவிட்டுத்தான் போடவேணும். துடைக்கிற துணியும் தண்ணித் தொட்டியும் சேத்துத்தான் வருகுது, அதுக்கு எங்கட கிணத்துத் தண்ணி விடுறேல்ல, எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட, கேத்தில் அடியில வெள்ளையாப் பிடிக்கிறது போல அதுக்குள்ளயும் பிடிச்சா அந்தச் சின்ன ஓட்டைய அடைச்சிடும். வடிகட்டின தண்ணிதான் விடுறம்.

முத்தம் அதால ஏலாது. வேப்பம் இலை, மாவிலை, கோழி கிளறின மண், அதுக்கெல்லாம் ஈக்கில் கட்டுத்தான், அதை நான்தான் விடிய எழும்பிக் கூட்டுறன், சனி ஞாயிறில சித்தியின்ர மகன் வந்தா அவன். ஆம்பிளைப் பிள்ளை முத்தம் கூட்டுறானோ எண்டு பக்கத்து வீட்டு அம்மம்மா முதல்ல கேட்டவ, இப்ப கேக்கிறேல்ல.

அம்மா அதுக்கு ரெண்டு சட்டம் வைச்சிருக்கிறா. விளக்கு வைச்சாப் பிறகு ஓடக்கூடாது, அந்த நேரம் கூட்டினா லட்சுமி போயிடுவா, மெசின் கூட்டினாலும் கூட்டுத்தான். மற்றது, ஆராவது வீட்டால வெளிக்கிட்டுப் போனவுடன ஓடக்கூடாது, போன ஆள் போற இடத்துக்குப் போய்ச் சேரவேணும். அதால நான் பள்ளிக்கூடம் போய்ச் சேந்து போன் பண்ணினாப் பிறகுதான் பட்டனை அமத்துவா. "வந்திட்டன் அம்மா" எண்டு சொன்னாப் போதும், போனுக்குள்ளாலயே மெசின் கிளம்புற சத்தம் கேக்கும்.

காலில புண் ஆறிட்டுது. இதை நான் சாதாரணமாச் சொல்ல ஏலாது. ஒவ்வொரு சோளகத்துக்கும் வந்து வந்து போன புண், இந்தச் சோளகத்தில வரேல்ல. கிளினிக்கில பாத்த நேர்ஸ் என்ன செய்தனீங்கள் அம்மா எண்டு கேட்க, "கூட்டுறதை விட்டிட்டன் பிள்ளை" எண்டு சொல்லியிருக்கிறா. காலைப் பகல் முழுக்கப் போட்டிருக்கிறா எண்டதால நடக்கிறா, கோயிலுக்குப் போறா, சித்தி வீட்டுக்குத் தனியப் போறா, பின்வளவில கத்தரியும் வெண்டியும் வைச்சிருக்கிறா. வீட்டு நிலம் கூட்டுறதில ஒரு மனுசியின்ர உடம்பு எவ்வளவு போகுது எண்டு அது நிண்டாப் பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது.

இதில எனக்கு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கு. கால் போன, கை போன, முள்ளந்தண்டு அடிபட்ட பொம்பிளையள் வன்னியில எவ்வளவு பேர். அவைக்கு உதவி எண்டு வாறது என்ன? ஊன்றுகோல், சக்கர நாற்காலி, கோழிக்குஞ்சு, தையல் மெசின், ஒரு சின்னக் கடை போடக் காசு. எல்லாம் நல்லதுதான், நான் குறை சொல்லேல்ல. ஆனா எல்லாம் அவை உழைக்கிறதுக்கு அல்லது வெளியில போறதுக்கு. வீட்டுக்குள்ள அவை விடியத்தொடங்கிச் செக்கல் மட்டும் செய்யிற வேலை ஒருத்தற்ற கணக்கிலயும் வாறேல்ல, அது வேலை எண்டே ஆரும் எழுதுறேல்ல. வெளிநாட்டில இருந்து ஊருக்கு உதவி செய்யிற அண்ணாமார் அக்காமார் இதை வாசிச்சா, அடுத்த தரம் ஒரு குடும்பத்துக்கு என்ன வேணும் எண்டு கேக்கேக்க அந்த வீட்டுப் பொம்பிளையத் தனியக் கூப்பிட்டு, வீட்டு வேலையில எது உங்களுக்கு உடம்பை நோகுது எண்டு கேளுங்கோ. சில வீட்டுக்கு இந்த மெசின் பதிலா இருக்கும், சில வீட்டுக்கு மோட்டரும் தண்ணித் தாங்கியும், சில வீட்டுக்கு உயரமான அடுப்புத் திட்டு. மெசினை விட அடுப்புத் திட்டு மலிவு.

வாங்கிறது எண்டா திருத்துற வசதியையும் யோசிச்சு வாங்குங்கோ. பற்றரி லித்தியம் அயன், ரெண்டு மூண்டு வருசத்தில பலம் குறையத் தொடங்கும், தூரிகை வடிகட்டி அதுக்கு முதலே தேயும், அதுகள் தனியக் கிடைக்கிற மொடலா எண்டு முதலே கேளுங்கோ. வெளிநாட்டில இருந்து கொண்டு வாற ஆக்கள் 230 வோல்ட்டுக்கு வேலை செய்யிற சார்ஜ் தட்டா எண்டு அடியில எழுதியிருக்கிறதைப் பாத்து வாங்கவேணும், கனடா அமெரிக்காவில 120 வோல்ட், சில தட்டுகள் ரெண்டுக்கும் ஏற்கும், சிலது ஏற்காது. அண்ணா இதை விசாரிச்சு வாங்கினபடியாத்தான் தப்பிச்சது.

இப்ப மிச்சம் இருக்கிறது குசினி நிலைப்படி. சீமெந்தால ரெண்டு பக்கமும் சரிவு போட்டா மெசினும் ஏறும், அம்மாக்கும் காலைத் தூக்கி வைக்காமல் போக லேசு. மேசன் மாரி தொடங்க முதல் வாறன் எண்டிருக்கிறார், அரை மூட்டை சீமெந்து போதுமாம்.